தியாகராசரும் பாஹும் சந்தித்த இசைத்தொகுப்பு

கலைப்படைப்பொன்றின் வரலாறு அது வெளியான ஆண்டுடன் முடிந்துவிடுவதில்லை. அதனைக் கேட்கச் செவிகள் எவ்வாறு பழகின என்பதும் அவ்வரலாற்றின் பகுதியே. 1986இல் வெளியான இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்?’ என்னும் வாத்திய இசைத்தொகுப்பு இதற்குத் தக்க சான்றாகும்.

இதற்கொத்த நிலையொன்று மேலைநாட்டில் முன்னரே தோன்றியிருந்தது. 1960களின் பிற்பகுதியில் பிரித்தானியாவில் எழுந்த முற்போக்கு றொக் இசை, மூன்று நிமிடப் பாடலின் எல்லையைக் கடந்தது. 1972இல் ‘யெஸ்’ குழுவினர் வெளியிட்ட ‘குளோஸ் டு தி எட்ஜ்’ இசைத்தட்டில் ஒரு பக்கம் முழுவதும் ஏறத்தாழ 18 நிமிட நேர ஆக்கம் ஒன்றே. இத்தகைய ஆக்கங்களின் கட்டமைப்பு முதற்கேள்வியில் புலப்படுவதில்லை.

தமிழ்ச் செவியோ திரைப்பாடலில் வளர்ந்தது. 1950இல் தொடங்கிய இலங்கை வானொலியின் வர்த்தக சேவை அப்பாடல்களைக் கடல் கடந்தும் கொண்டு சென்றது. பாட்டின் சொல், பாடுவோர் குரல், திரைக்காட்சி ஆகிய மூன்றுமே கேட்போருக்குப் பற்றுக்கோடுகளாயின. பத்து ஆக்கங்கள் கொண்ட இத்தொகுப்பில் இம்மூன்றும் இல்லை. தியாகராசருக்கும் பாஹுக்கும் காணிக்கையாக்கப்பட்ட இதில் வீ. எஸ். நரசிம்மனின் வயலினே முன்னிற்கின்றது. ‘ஐ மெட் பாஹ் இன் மை ஹவுஸ்’ என்னும் ஆக்கம், பாஹ் 1720ஆம் ஆண்டுக் கையெழுத்துப் படியில் விட்டுச்சென்ற தனிவயலின் இசையொன்றைத் தழுவி எழுகின்றது. ஒரு குரல் தொடங்கிய இசைக்கருவை மறுகுரல் பற்றித் தொடரும் ‘ஃபியூக்’ முறையும் தொகுப்பில் இடம்பெறுகின்றது.

கொழும்பு வாழ் தமிழரிடையே இவ்விரு மரபுகளுக்கும் இடமுண்டு. வெள்ளவத்தையில் கர்நாடக இசை பயின்ற செவி, இராகத்தின் ஒற்றை இழையை நுணுகித் தொடரும். கொட்டாஞ்சேனைத் தேவாலயங்களின் பல்குரற் கீதங்களுக்குப் பழகிய செவி, ஒரே வேளையில் பல இழைகளைப் பிரித்தறியும். எனவே முதற்கேள்வியில் ஒவ்வொன்றும் பாதியையே பெறும் எனலாம். மறுபாதியைப் பெற மீண்டும் கேட்டாக வேண்டும். வானொலி காற்றோடு கொண்டுபோனதை, கசற் நாடா விரும்பியபோது திருப்பித் தந்தது. ஆதலின் இரசனை வளர்ச்சியில் கருவிக்கும் பங்குண்டு.

திரும்பத் திரும்பக் கேட்டால் எதுவும் இனிக்கும், அது பழக்கமேயன்றி இரசனையன்று எனச் சிலர் வாதிடலாம். ஆயினும், வறிய பாடல் பழகப் பழகச் சலிக்கும். வளமான ஆக்கமோ பழகியபின்னும் கேளாத ஒன்றைக் காட்டும். இரண்டையும் பிரித்தறியக் காலமே உதவுகின்றது. மேலைநாட்டு வயலினும் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றோர் கையில் கர்நாடக இசைக்குள் வந்ததே. இன்று அதனை அந்நியக் கருவி என்பார் யார்?

இன்றைய கைத்தொலைபேசியில் எந்த ஆக்கத்தையும் சில வினாடிகளில் தள்ளிவிடலாம். அவ்வசதி தீர்ப்பையும் விரைவுபடுத்தியுள்ளது. நம் தமிழ்ச் சங்கம் ஆண்டுக்கு ஒரு மாலையேனும் ஒதுக்கி, இத்தகைய தொகுப்பொன்றை இடைநிறுத்தாது முழுமையாகக் கேட்டு, பின்னர் கலந்துரையாடுமாயின், அது நற்பணியாகும். சொல்லாய்வுக்குத் தரும் பொறுமையை இசைக்கும் தருதல் நம் கடனன்றோ?