துருப்பிடித்த நான்கு எஞ்சின்கள்

1973 செப்டம்பர் 11. சிலே நாட்டு அதிபர் மாளிகை மேல் குண்டு போட்டவை பிரிட்டனில் தயாரான ஹாக்கர் ஹண்டர் விமானங்கள். அதிபர் அயெந்தே அன்றே இறந்தார். ஆட்சி ஜெனரல் பினோசே கைக்குப் போனது.

அந்த விமானங்களின் எஞ்சின்கள் பழுதுபார்க்க எங்கே போகும் தெரியுமா? ஸ்காட்லாந்தில், ஈஸ்ட் கில்பிரைட் ரோல்ஸ் ராய்ஸ் ஆலைக்கு. 1974 மார்ச்சில் அங்கே இன்ஸ்பெக்டராக இருந்த பாப் ஃபுல்டன், தன் மேஜைக்கு வந்த எஞ்சின் சிலே விமானப்படையோடது என்று பார்த்தார். தொட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். தொழிற்சங்கமும் அவர் பக்கம் நின்றது.

நான்கு எஞ்சின்கள் ஆலைக்குப் பின்னால் வெட்டவெளியில் கிடந்தன. ஸ்காட்லாந்து மழையைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? நான்கு வருஷம் நனைந்தன. 1978 ஆகஸ்டில் ஒரு ராத்திரி யாரோ லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

பினோசே 1990 வரை பதவியில் இருந்தார். அப்போ இதெல்லாம் வீணா? தொழிலாளர்களே ரொம்ப காலம் அப்படித்தான் நினைத்தார்கள். சிலே அகதி ஒருவரின் மகன், ஃபெலிப்பே புஸ்டோஸ் சியரா, விசாரித்து எடுத்த 'நே பசரான்' (2018) ஆவணப்படம்தான் மறுபக்கத்தைக் காட்டியது. இடையில் 2015ல் சிலே அரசு ஃபுல்டனுக்கும் இரண்டு சகாக்களுக்கும் விருது கொடுத்தது.

இருபது வருஷமா மென்பொருள் எழுதுகிறேன். கடைசியில் அதை யார், எதுக்குப் பயன்படுத்துறாங்கன்னு நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. ஃபுல்டன் கேட்டார்.