துடுப்பு ஏறிய இடங்கள்

பழவேற்காடு ஏரிக்கரையில் தோணிரேவு என்றொரு மீனவர் ஊர். பெயரின் முன்பாதி தமிழ், பின்பாதி தெலுங்கு. ரேவு என்றால் துறை. துணி வெளுக்கும் துறையைத் தெலுங்கில் சாகிரேவு என்பார்கள். தோணி வந்து அணையும் துறை தோணிரேவு. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது, தென்கோடி திருவள்ளூர் மாவட்டத்தில். இரண்டு மொழியும் ஒரே தண்ணீரில் புழங்கும் இடத்தில் ஊர்ப்பெயர் இப்படி அமைவது இயல்பு. அந்தத் துறைக்கே உரிய இன்னொரு சொல்லைத்தான் இங்கே பின்தொடர்கிறேன்: துடுப்பு. அது தோணியை விட்டு இறங்கி, பந்தயக் காரின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் போய் உட்கார வேண்டிய காலம் வந்துவிட்டது.

துடுப்பு முதலில் தண்ணீருக்கு உரியதாக நமக்குக் கிடைக்கவில்லை. புறநானூற்றின் 26ஆம் பாட்டில் மாங்குடி கிழார் போர்க்களத்தையே சமையற்களமாக்குகிறார். மாண்டவர் தலைகள் அடுப்பு, குருதி உலைநீர், தொடியணிந்த கைகள் துடுப்பு. அங்கே துடுப்பு என்பது சோறு துழாவும் அகப்பை. அந்தப் பொருள் ஏட்டோடு நின்றுவிடவும் இல்லை. வட தமிழ்நாட்டில் கேழ்வரகுக் களி கிண்டும் மரக்கோலுக்கு இன்றும் துடுப்பு என்றுதான் பெயர். பானையை இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்து, இரு கையாலும் துடுப்பை ஊன்றிக் களியைப் புரட்டும் பெண்ணின் கைகளைப் பாருங்கள். மேல்கை கோலின் தலையில், கீழ்க்கை அலகுக்குச் சற்று மேலே. தோணியில் துடுப்புப் போடுபவரின் கைப்பிடியும் அதுதான்.

மலையாளத்தில் துடுப்புக்குத் துழ என்று பெயர். நாம் சட்டியில் துழாவுகிறோம், அவர்கள் ஆற்றில் துழைகிறார்கள். தெலுங்கில் தெட்டு, டகரத்தை மெலித்துச் சொல்ல வேண்டும். அதற்கும் மர அகப்பை, படகுத் துடுப்பு என இரண்டு பொருளும் உண்டு. ஆக, தோணிரேவுக்கு வடக்கே போனாலும் தெற்கே போனாலும் அடுக்களைக்கும் தோணிக்கும் ஒரே சொல்தான்.

ஆங்கிலத்தின் பேடில் வேறு வழியாக வந்தது. அது பிறந்த இடம் வயல். ஏர்க்கொழுவில் அப்பிய மண்ணைச் சுரண்டித் தள்ளும் சிறு மண்வெட்டிக்குத்தான் முதலில் அந்தப் பெயர். 17ஆம் நூற்றாண்டில்தான் அது படகேறியது. ஒன்று உலையிலிருந்தும் மற்றது உழவிலிருந்தும் வந்து தண்ணீரில் சந்தித்திருக்கின்றன. கைப்பிடியும் தட்டையான அலகும் இருந்தால் போதும், பெயர் தாவிவிடுகிறது.

அங்கிருந்து காருக்குத் தாவிய கதை அண்மைக்காலத்தது. ஃபெராரிக்காக ஜான் பர்னார்ட் வடிவமைத்த 640 காரில் கியர்க்கம்பியே கிடையாது. கம்பியும் அதன் இணைப்புகளும் போய்விட்டால் ஓட்டுநர் அமரும் கூட்டைக் குறுக்கலாம் என்பது அவர் கணக்கு. ஸ்டியரிங்குக்குப் பின்னால் பேடில் எனப்படும் இரண்டு தகடுகள்: வலது இழுத்தால் கியர் ஏறும், இடது இழுத்தால் இறங்கும். 1989 மார்ச்சில் பிரேசில் பந்தயத்தில் அது முதன்முதலாக இறங்கியது. நைஜல் மேன்செல் அதிலேயே வென்றார். 1997இல் எஃப்355 வழியாக அந்த ஏற்பாடு ஃபெராரியின் சாலைக் கார்களுக்கும் வந்தது. 2005இல் கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணியில் ஃபார்முலா ஒன்னுக்குப் போனபோது, களத்தில் இருந்த எல்லாக் கார்களிலும் விரல்களே கியர் மாற்றின.

இந்தத் தகட்டை எங்கே பொருத்துவது என்பதில் கார் உலகம் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. ஃபெராரி, லம்போர்கினி சாலைக் கார்களில் அது ஸ்டியரிங் தண்டோடு நிலையாக நிற்கும். சக்கரம் சுழன்றாலும் தகடு அசையாது. போர்ஷே, பிஎம்டபிள்யூ எம் கார்களில் சக்கரத்தோடு சேர்ந்தே சுழலும். கொண்டையூசி வளைவில் சக்கரத்தைப் பாதிச் சுற்றுக்கு மேல் திருப்பியிருக்கிறீர்கள் என்று வையுங்கள். தகடு நிலையாக இருந்தால் கைகள் அதை விட்டு விலகிப் போயிருக்கும், விரல் துழாவ வேண்டும். ஆனால் வலது எப்போதும் வலதுதான். தகடு சுழல்வதாக இருந்து, நீங்கள் பிடியை மாற்றாமல் திருப்பினால் அது விரலடியிலேயே இருக்கும். பிடியை மாற்றி மாற்றித் திருப்புகிறவருக்கோ ஏற்றும் தகடு இடப்பக்கம் வந்து குழப்பும். நிசான் ஜிடி-ஆர் இரண்டையும் பார்த்துவிட்டது: 2007இல் தண்டோடு வைத்தார்கள், 2017 மாடலில் சக்கரத்துக்கு மாற்றினார்கள்.

இந்த வேறுபாட்டுக்குக் கரையோரத் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறது. கையில் தூக்கி, வேண்டிய பக்கம் போட்டு, வேண்டாதபோது எடுத்துக்கொள்வது துடுப்பு. அது கையோடு போகும். படகின் விளிம்பில் கட்டி வலிக்கும் நீளமானது தண்டு. தண்டு வலித்தல் என்ற வழக்கே உண்டு. அது படகோடு நிற்கும், கைதான் அதைத் தேடி வர வேண்டும். சக்கரத்தோடு சுழலும் தகடு துடுப்பின் இனம், நிலையாக நிற்பது தண்டின் இனம். ஸ்டியரிங்கைத் தாங்கும் பாகத்தையும் நாம் தண்டு என்றே சொல்வதால் பொருத்தம் இன்னும் கூடுகிறது.

நம் மோட்டார் எழுத்தில் இந்தத் தகட்டைப் பேடில் என்றும் பேடல் என்றும் எழுதுகிறார்கள். காதுக்கு அது பெடலோடு கலந்துவிடுகிறது. பெடல் காலுக்கு உரியது. பாதத்தைக் குறிக்கும் லத்தீன் வேரிலிருந்து வந்தது. பேடில் கைக்கு உரியது, வேரும் வேறு. ஆங்கிலேயர் காது பிரித்தறியும் ஒலியை நம் காது பிரிப்பதில்லை. அதனால் கியர்த் துடுப்பு என்று எழுதுவதே தெளிவு என்பேன். சக்கரத் துடுப்பு, தண்டுத் துடுப்பு என்று இடத்தையும் சொல்லிவிடலாம். படகுச் சொல் வண்டிக்கு ஏறுவதும் புதிதல்ல. சுக்கான் அரபு மாலுமிகளின் சொல். தமிழில் படகைத் திருப்புவது அது. சிங்களத்தில் அதே சொல் சுக்கானம என்றாகி, பேருந்தின் ஸ்டியரிங்கைக் குறிக்கிறது.

ஷோரூமில் எந்த வகை என்று கேட்கக்கூட வேண்டியதில்லை. உட்கார்ந்து சக்கரத்தை அரைச் சுற்றுத் திருப்பினால் போதும்: கூடவே வந்தால் சக்கரத் துடுப்பு, நின்ற இடத்திலேயே நின்றால் தண்டுத் துடுப்பு.