நிலக்கரி நாட்டு நாட்டாமை – 5: தண்டவாளத்தில் மூட்டிய தீ

போன வாரம் ரஷ்ய அதிபர் யெல்ட்சினின் பேனா முனையில் நிறுத்தியிருந்தோம். 1997, ஜூலை 1. கெமரோவோ மாகாண ஆளுநர் மிகயில் கிஸ்லூக்கைத் தூக்கிவிட்டு, அமன் துலேயெவை அந்த நாற்காலியில் அமர்த்தும் உத்தரவு. அதிபர் கையெழுத்துப் போட்டேவிட்டார்.

யாருக்கு? 1991-ல் தன்னையே எதிர்த்து அதிபர் தேர்தலில் நின்று நான்காம் இடம் பிடித்தவருக்கு. 1996-ல் மறுபடியும் களமிறங்கி, கடைசியில் கம்யூனிஸ்ட் ஸ்யுகானவுக்கு வழிவிட்டு விலகியவருக்கு. யெல்ட்சினுக்குத் திடீர்ப் பாசம் ஒன்றும் பொங்கிவிடவில்லை. கெமரோவோவின் நிலக்கரிப் படுகையான குஸ்பாஸின் சுரங்கங்களில் மாதக்கணக்கில் சம்பளப் பாக்கி. கொதித்துக்கொண்டிருந்த ஜனங்களிடம் பேசக்கூடிய வாய் துலேயெவுக்கு மட்டும்தான் இருந்தது.

கிஸ்லூக்கின் கதைதான் பரிதாபம். 1989 ஜூலையில் மெஷ்துரேச்சென்ஸ்க் ஊரின் ஷெவ்யகோவ் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து மேலே வந்தவர்கள், விளக்குகளை ஒப்படைக்காமல் அப்படியே உட்கார்ந்தார்கள். கரி படிந்த உடம்பைக் கழுவச் சோப்பு இல்லை என்பதும் அவர்களின் புகார்களில் ஒன்று. சோவியத் யூனியனையே உலுக்கிய அந்த வேலைநிறுத்த அலையில் மேலே வந்தவர் இந்தக் கிஸ்லூக். எட்டே வருஷத்தில் சுரங்கக்காரர்களின் கோபத்துக்கு அவரே பலி.

அதே 1989-ல் துலேயெவ் எங்கே இருந்தார்? கெமரோவோ ரயில்வேயின் தலைவராக. முந்திபாஷ் என்ற சின்ன ஸ்டேஷனில் வண்டிகளை வரவேற்று வழியனுப்பும் பணியாளராகத் தொடங்கி, படிப்படியாக ஏறி வந்த மனிதர். எந்த லைனில் எந்த வண்டி நிற்கிறது, எதை முதலில் விட வேண்டும் என்பதுதான் அவருடைய பாலபாடம். அவருடைய அரசியலும் கிட்டத்தட்ட அதுதான் என்று எனக்குத் தோன்றும்.

நியமனமான நான்காம் மாதமே, அக்டோபரில், தேர்தல். 94 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு! இப்படி ஒரு எண்ணைக் கேட்டால் யாருக்கும் புருவம் உயரும். பிற்காலத்தில் அவர் வாங்கிய ஓட்டுகளைப் பற்றிப் பேச நிறைய இருக்கிறது, பேசுவோம். ஆனால் 1997-ல் குஸ்பாஸ் அவரை மனசார நம்பியது.

நம்பிக்கை சம்பளத்தைக் கொண்டுவருமா? மின் நிலையம் சுரங்கத்துக்குப் பாக்கி. சுரங்கம் ரயில்வேக்குப் பாக்கி. அரசு மானியம் சுருங்கிவிட்டது. நடுவில் தரகர்கள் வேறு. இந்தச் சங்கிலியின் கடைசிக் கண்ணியில், பூமிக்கடியில் கரி வெட்டுகிறவன். அவன் கைக்குக் காசே வந்து சேரவில்லை.

1998 மே மாதம். அன்ஷெரோ-சுஜென்ஸ்க். டிரான்ஸ் சைபீரியன் பாதையோரம் இருக்கும் பழைய சுரங்க நகரம். ஒரு நாள் ஜனங்கள் தண்டவாளத்துக்கு நடந்தார்கள். சுரங்கக்காரர்களோடு ஆசிரியர்களும் ஓய்வூதியக்காரர்களும். கட்டைகளைக் குவித்துத் தீ மூட்டி, பாதை மேலேயே உட்கார்ந்துவிட்டார்கள்.

ரஷ்யாவின் கிழக்கையும் மேற்கையும் கட்டிவைத்திருக்கும் ரயில் பாதை ஒரே இடத்தில் அறுந்தது. பயணிகள் நடுவழியில் தவித்தார்கள். சரக்கு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. பிரதமர் கிரியென்கோ பதவிக்கு வந்து முழுசாக ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவருடைய துணைப் பிரதமர் ஒலெக் சிசுயெவ் அவசரமாக குஸ்பாஸுக்கு விமானம் ஏறினார்.

இங்கே கெமரோவோவில், ஆளுநர் துலேயெவ். பாதை அடைபடக்கூடாது என்று கால் நூற்றாண்டு காலம் வேலை பார்த்த ரயில்வேகாரர். அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களோ, ஏழு மாதத்துக்கு முன்னால் அவருக்கு ஓட்டுப் போட்டவர்கள். போலீஸை அனுப்பினால் அவர்களோடு தீர்ந்தது. அனுப்பாவிட்டால் மாஸ்கோவோடு தீர்ந்தது.

சிசுயெவ் வந்து இறங்குவதற்குள் அவர் ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும்.

(தொடரும்)