சிலம்பும் ஒரு தர்க்கக் கேள்வியும்

அனுமந்தையில் எங்கள் தெருப் பெண் ஒருத்தி கிளாட் தேர்வுக்குப் படிக்கிறாள். அப்பா உப்பளத்தில் கூலி வேலை. 2008இல் தொடங்கிய தேர்வு அது. இப்போது இரண்டு மணி நேரத்தில் 120 கேள்விகள். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் போய்விடும். "தர்க்கக் கேள்விதான் தாத்தா பிடிபடல" என்று புத்தகத்தோடு வந்தாள்.

புத்தகத்தை மூடிவிட்டு நானே ஒன்று கேட்டேன். "மழை பெய்தால் உப்பு வார மாட்டார்கள். இன்று வாரவில்லை. அப்படியானால் மழை பெய்ததா?"

"எப்படிச் சொல்ல முடியும்? கூலித் தகராறா இருந்தாலும் வார மாட்டாங்களே!" என்றாள் உடனே.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, 1662இல் ஆர்னோவும் நிக்கோலும் வெளியிட்ட தர்க்க நூலின் பெயர் தெரியும். மணிமேகலையின் 29ஆம் காதையில் அறவண அடிகள் பக்கம், ஏது, திட்டாந்தம் என்று தர்க்கம் கற்பிப்பதை ஓய்வு பெற்ற பிறகே படித்தேன். மலையில் புகை தெரிந்தால் நெருப்பு உண்டு, அடுக்களையில் காண்பது போல. ஆனால் நெருப்பு இருக்கும் இடமெல்லாம் புகை வராது. தணலைப் பார்த்தாலே தெரியும். பிழையான வாதங்களுக்கு அங்கே 'போலி' என்று பெயர்.

அவளிடம் கடைசியாக இதைச் சொன்னேன். அரசியின் சிலம்பைத் திருடியவனிடம் சிலம்பு இருக்கும். கோவலனிடம் சிலம்பு இருந்தது. ஆகவே அவன் கள்வன் என்று முடிவு கட்டினார்கள். அங்கே போனது கால் மதிப்பெண் அல்ல, ஓர் உயிர்.

சற்று நேரம் பேசாமல் இருந்தவள், புத்தகத்தை மறுபடி திறந்தாள்.