அடையாற்றில் எழுந்த ஓர் இரசாயன நூல்

சென்னை அடையாற்றின் தென்கரையில், பேராலமரத்தால் புகழ்பெற்ற தியாசாபிகல் சங்கத் தோட்டத்தை அறியாதார் இலர். 1882 முதல் அச்சங்கத்தின் தலைமையிடமாக விளங்கும் அவ்வளாகத்திலிருந்து 1908-இல் ஓர் இரசாயன நூல் வெளிவந்ததை அறிந்தோர் மிகச் சிலரே. 'ஆக்கல்ட் கெமிஸ்ட்ரி' என்பது அதன் பெயர். அன்னி பெசன்ட் அம்மையாரும் லெட்பீட்டரும் அதன் ஆசிரியர்கள்.

தராசும் குடுவையுமின்றி, அகக்கண்ணால் தனிமங்களின் உள்ளமைப்பைக் கண்டதாக அவ்விருவரும் எழுதினர். ஹைட்ரஜனுக்குள் 18 நுண்ணணுக்கள் உண்டென எண்ணியும் சொன்னார்கள். அம்மையாரின் பொதுத்தொண்டு நாம் மதிப்பதுதான். இந்நூல் வேறு செய்தி. உலோகம், அலோகம் என்னும் பகுப்பை அவர்கள் அடிப்படையாகக் கொள்ளவில்லை. தாம் கண்டதாகச் சொன்ன வடிவங்களையே கொண்டார்கள். தேகப்பயிற்சியாளர் தூக்கும் டம்பெல் போன்ற வடிவுடையவை ஒரு குழு. அதில் சோடியத்தோடு குளோரின் அமர்ந்தது. செம்பு, வெள்ளி, பொன்னோடு புரோமினும் அயோடினும் அமர்ந்தன. சோடியமோ கத்திக்கு இளகும் உலோகம். குளோரினோ மூச்சை அடைக்கும் நச்சுவாயு. இரண்டும் கூடிச் சோற்றுக்கு உப்பாகின்றன என்பதால் ஓரினமாகிவிடுமா? அவர்கள் கண்டதை மற்றொருவர் சோதித்துப் பார்க்கவும் வழியில்லை.

இங்கே நம் நினைவுக்கு வருபவர் ரய் நகரத்து மருத்துவ மேதை அபூபக்ர் முஹம்மது இப்னு ஸகரிய்யா அர்ராஸீ. கி.பி. 865-இல் பிறந்த அவர், 'கிதாபுல் அஸ்ரார்' என்னும் நூலில் கனிமங்களை ஆறு வகையாக்கினார். தீயிலிட்டால் ஆவியாகிப் பறப்பவை 'அர்வாஹ்'. தங்கி உருகும் உலோகங்கள் 'அஜ்ஸாத்'. கற்கள், துத்தங்கள், வெங்காரங்கள், உப்புகள் எஞ்சியவை. பாதரசத்தை அவர் கந்தகத்தோடு சேர்த்து ஆவிகளில் வைத்தார். இன்றைய இரசாயனம் அதனை உலோகம் என்கிறது. எனினும் அவர் வைத்த அளவுகோல் நெருப்பு; அடுப்பு உள்ள எவரும் அதனை மீண்டும் மூட்டிப் பார்க்கலாம். பிற்காலத்தார் அவரைத் திருத்த முடிந்ததும் அதனால்தான்.

நம் இல்லங்களில் வழங்கும் சுர்மாவை அவர் கற்களின் வரிசையில் வைத்தார். பழைய சுர்மாவின் மூலப்பொருள்களில் ஒன்றான அஞ்சனக்கல்லிலிருந்து பிரியும் ஆன்டிமனி, வெள்ளிபோல் மின்னும். சுத்தியலால் தட்டினால் தகடாகாமல் நொறுங்கும். மின்சாரத்தைக் கடத்தும், செம்பைப்போல் அன்று. ஆகவே அதனை உலோகப்போலி என்கின்றனர். போரான், சிலிக்கான், ஜெர்மேனியம், ஆர்செனிக், டெல்லூரியம் ஆகியவையும் அவ்வாறே. எல்லைக்கோட்டை எங்கே இடுவது என்பதில் இன்றும் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை.

சுர்மா என்று விற்கப்படும் பொடிகள் பலவற்றில் ஆன்டிமனி இல்லை, ஈயமே உள்ளது என்று ஆய்வுக்கூடங்கள் கண்டுள்ளன. குழந்தைகளின் கண்ணுக்கு அதனை இடலாகாது என மருத்துவர்கள் தடுப்பது இதன் பொருட்டே.