கல்லச்சும் கையொப்பமும்

கல்லச்சு என்னும் சொல் நம் மூத்த தலைமுறைக்குப் புதியதன்று. கிதாபு ஓதிய இல்லங்களில் இருந்த அரபுத் தமிழ் நூல்களுள் பல கல்லச்சுப் பிரதிகளே. அதே கல்லச்சு, இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்காவில் முற்றிலும் வேறானதொரு பணியை ஏற்றது. உருவம் ஏதுமின்றி, ஓரிரு பட்டைகளும் வண்ணப் பரப்பும் மட்டுமே கொண்டு, ஓவியர் தம் கையால் ஒப்பமிட்ட தாள்களை அது ஈன்றது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவதே நம் கருத்து.

கல்லச்சைக் கண்டறிந்தவர் அலோய்ஸ் செனபெல்டர். 1771-இல் பிராகா நகரில் பிறந்து, மூனிக்கில் வாழ்ந்த நாடக ஆசிரியர் அவர். தம் நாடகங்களை அச்சிடப் பொருளின்றி மலிவான வழி தேடிக் கொண்டிருந்தவர், 1796-இல் தம் தாயார் சொன்ன சலவைக் கணக்கைக் கையருகே கிடந்த கல்லில் எழுதி வைத்தார். அதிலிருந்து வளர்ந்த சோதனை 1798 அளவில் நிறைவுற்றது. நெய்ப்பசையும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் என்பதே அதன் அடிப்படை. வழவழப்பாகத் தேய்த்த சுண்ணக்கல்லில் நெய்ப்பசை மிக்க மையால் எழுதி, அரபிக்கோந்தும் சிறிது அமிலமும் பூசி, நீரால் நனைப்பர். பின்னர் உருளையால் மை தடவினால், எழுதிய இடம் மையை ஏற்கும். ஈரமான இடம் ஏற்காது.

இம்முறை முஸ்லிம்களுக்குப் பெரும் வாய்ப்பாயிற்று. தனித்தனியாக வார்த்த ஈய எழுத்துகள், இணைந்தோடும் அரபி எழுத்துக்கு, சிறப்பாக நஸ்தலீக் வடிவுக்கு, எளிதில் இணங்கவில்லை. கல்லச்சோ காத்திபின் கைவண்ணத்தை அப்படியே தாளில் தந்தது. 1858-இல் லக்னோவில் முன்ஷி நவல் கிஷோர் அச்சகம் நிறுவினார். இந்துவாகிய அவர் திருக்குர்ஆனையும், அரபி, பார்சி, உர்தூ நூல்களையும் கல்லச்சில் பெருந்தொகையாக வெளியிட்டார். செல்வர் வீட்டுக் கையெழுத்துப் பிரதியாக இருந்த கல்வி, எளியவர் கைக்கும் எட்டியது.

இனி அமெரிக்காவுக்கு வருவோம். 1957-இல் தத்யானா கிராஸ்மன் என்னும் பெண்மணி, நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், தம் இல்லத்திலேயே கல்லச்சுக்கூடம் தொடங்கினார். பார்னெட் நியூமன் (1905-1970) என்ற யூத ஓவியர், 1961-இல் உடன்பிறந்தாரை இழந்த துயரிலிருந்த காலத்தில்தான் முதன்முதலாகக் கல்லச்சில் கைவைத்தார். 1963, 1964 ஆண்டுகளில் கிராஸ்மனின் கூடத்தில் '18 காண்டங்கள்' என்ற தொகுதியை உருவாக்கினார். மேலிருந்து கீழாக இறங்கும் பட்டைகளன்றி அதில் வேறொன்றுமில்லை. தாளின் வெண்ணிற ஓரத்தையும் படத்தின் பகுதியாகவே கருதி, தாளுக்குத் தாள் அதன் அளவை அவர் மாற்றினார்.

1915-இல் ரஷ்யாவின் மாலெவிச் கறுப்புச் சதுரத்தைக் காட்சிக்கு வைத்தது முதல், மிகையைக் களையும் இப்போக்கு வளர்ந்து வந்தது. 1960-களில் டொனால்ட் ஜட் முதலியோர் அதனை ஓர் இயக்கமாகவே ஆக்கினர். நம் பள்ளிவாசல்களின் கோலங்களிலும் உருவமில்லை. எனினும் இரண்டும் ஒன்றல்ல. அக்கோலம் ஒன்றிலிருந்து பலவாக விரிகிறது. இவ்வோவியம் பலவற்றை விலக்கி ஒன்றில் நிற்கிறது. அலிகரில் 1937-இல் பிறந்த ஸரீனா ஹாஷ்மி, 1999-இல் படைத்த 36 மரச்செதுக்கு அச்சுகளில், சிக்கனமான கோடுகளுடன் உர்தூச் சொற்களையும் சேர்த்து இரு மரபுகளையும் ஒரே தாளில் சந்திக்க வைத்தார்.

இனிக் கையொப்பம். அச்சு முடிந்ததும் ஓவியர் தாளைச் சரிபார்த்துப் பென்சிலால் ஒப்பமிடுவார். மொத்தம் எத்தனை, இது எத்தனையாவது என்ற எண்ணும் இடப்படும். பின்னர்க் கல்லில் உள்ள படத்தை அழித்துவிடுவர். நியூமனின் தொகுதி 18 பிரதிகளே வெளியிடப்பட்டது. அங்கே கல்லச்சு அருமையைக் காத்தது. இங்கே அருமையை உடைத்து அறிவைப் பரப்பியது. காத்திபும் பல நூல்களின் இறுதிப் பக்கத்தில் தம் பெயரைப் பொறித்தார்; ஆனால் எத்தனையாவது பிரதி என்று எவரும் எண்ணவில்லை.

ஒப்பமிட்ட தாள்கள் இன்று கண்ணாடிச் சட்டத்துள் பத்திரமாக உள்ளன. பலர் பயன்பெறப் பிறந்த நம் கிதாபுகளோ பரண்களில் செல்லரிக்கின்றன. எண்ணிக்கையில் மிகுந்தவை என்பதாலேயே அவை பேணப்படாது போயின. அரபுத் தமிழை ஓதத் தெரிந்தோர் குறைந்துவரும் இந்நாளில், ஒவ்வொரு குடும்பமும் தன் பரணைத் திறந்து, கிடைக்கும் ஏட்டைத் துடைத்து, கடைசிப் பக்கத்தில் உள்ள பெயரைப் படித்துப் பார்க்கட்டும். யாருடைய கை அதை எழுதியது என்று அறிந்தபின், அதனைப் பழைய காகிதக்காரனிடம் போட மனம் வராது.