மும்பைத் துறைமுகத்தில் வேரூன்றிய அயல்நாட்டுச் சிப்பி: அடையாளம் காண்பது எப்படி?

மும்பை: கப்பல்களின் அடிப்பகுதியிலும் துறைமுகத் தூண்களிலும் கொத்துக்கொத்தாக ஒட்டி வளரும் ‘மைட்டிலாப்சிஸ் சாலெய்’ என்னும் சிறிய சிப்பி, இந்தியக் கடலுக்கு உரியதன்று. கரீபியக் கடற்பகுதியைத் தாயகமாகக் கொண்ட இவ்வினம், 1967-இல் விசாகப்பட்டினத்திலும், 1970-களில் மும்பைக் கடற்படைத் துறைமுகப் பகுதியிலும் கண்டறியப்பட்டது.

கப்பலின் அடிப்பகுதியில் ஒட்டியும், சமநிலைக்காகக் கப்பல்கள் நிரப்பிவரும் நீரில் இளம் உயிரியாகவும் இது கடல் கடக்கிறது.

அடையாளம் என்ன?

ஓடு சுமார் 2.5 செ.மீ. நீளமே வளரும்; ஒரு முனை கூர்மையாக இருக்கும். வெளிப்புறம் மங்கிய பழுப்பு அல்லது கருமை நிறம். சிலவற்றில் கோடுகள் காணப்படும். ஓட்டைப் பிளந்தால், கூர்முனையின் உட்புறம் சிறிய தட்டுப் போன்ற தடுப்பு தெரியும். உண்ணப்படும் பச்சைச் சிப்பியில் இத்தடுப்பு இல்லை. அது அளவில் பெரியது. ஓட்டின் ஓரம் பசுமையாக இருக்கும்.

அச்சுறுத்தல்

நன்னீர் கலந்த கழிமுகம் முதல் உவர்மிகு நீர் வரை தாங்கும் இச்சிப்பி, பிறந்த சில வாரங்களிலேயே இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. ஒரு சதுர மீட்டரில் 10 ஆயிரத்துக்கும் மேல் நெருங்கி வளர்ந்து, உள்நாட்டு உயிரினங்களின் இடத்தைப் பறிக்கிறது. குளிர்நீர்க் குழாய்களையும் அடைக்கிறது.

அயல் சிப்பி ஒன்று பரவினால் யார் இழப்பர் என்பதற்கு எண்ணூர்க் கழிமுகம் சான்று. அங்கு மீனவர்கள் ‘காக்கா ஆழி’ என்றழைக்கும், தென் அமெரிக்காவைச் சேர்ந்த வேறோர் இனம், ஆற்றுப்படுகையைப் பாய்போல் மூடியது. சேற்றில் புதையும் இறாலுக்கு இடமில்லாமல் போக, கையால் இறால் பிடிப்போரின் பிழைப்பு குலைந்தது. இவ்விவகாரம் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை சென்றது.

செம்பூரை அடுத்த மாகுல் முதல் தாணே கழிமுகம் வரை மீன்பிடித்து வாழும் கோலி மீனவர்களுக்கும் இது எச்சரிக்கையே.

தீர்வு

1999-இல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரில் இதே சிப்பி தென்பட்டபோது, படகுத்துறைகளின் மதகுகளை மூடி, குளோரினும் மயில்துத்தமும் கலந்து அதை முற்றிலும் ஒழித்தனர். திறந்த கடலை ஒட்டிய மும்பைத் துறைமுகத்தில் அவ்வாறு செய்ய இயலாது. எனவே பரவலைத் தடுப்பதே வழி. படகில் சுரண்டிய சிப்பிகளை மீண்டும் நீரில் கொட்டாமல் கரையில் உலர்த்தி அகற்ற வேண்டும். புதிய இடத்தில் தென்பட்டால், படமெடுத்து மீன்வளத் துறைக்குத் தெரிவிப்பது நன்று.